நீவாடு காட்டிய வாட்ச்

திருவான்மியூர், சென்னை
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள கலா,

நீ போர்டில் எழுந்து நின்ற அன்றைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன்டி. காற்றுச் சத்தத்தில் பாதி வார்த்தை விழவில்லை. ஆனால் நீ கத்தின கத்தலிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. பத்தாவதில் மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்துவிட்டுப் பஸ்ஸிலிருந்து குதித்து வந்தாயே, அதே குரல். நாற்பத்து மூன்று வயதில் ராமேஸ்வரம் கடலில் போர்டில் நின்று, காற்றில் இழுக்கும் கைட்டைப் பிடித்துக்கொண்டு நூறு மீட்டர் போயிருக்கிறாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கிறது தெரியுமா?

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்தது. டிவியில் அடியில் ஓடும் எழுத்தை சோபாவில் இருந்தே படித்துச் சொல்கிறார். மகள் ப்ளஸ் டூ வந்துவிட்டாள். காலை ஐந்தரைக்கு அவளை டியூஷனில் விட்டுவிட்டு நான் அப்படியே கொட்டிவாக்கம் கரைக்கு சர்ஃபிங் போய்விடுகிறேன். சனி, ஞாயிறு என்றால் கோவளம்.

இனி கடலில் கட்டிக்கொள்ளும் ஜிபிஎஸ் வாட்ச் விஷயம். நாலு படம் அனுப்பி "இதில் எது வாங்கட்டும், ஒரு வரியில் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் முடியாதுடி. இதில் நான் காசும் விட்டிருக்கிறேன், மனசும் நொந்திருக்கிறேன். நீயும் அதே பள்ளத்தில் கால் வைக்கக் கூடாது.

என் முதல் வாட்ச்சின் பெட்டியில் "50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஐம்பது மீட்டர் ஆழத்துக்கே தாங்கும் என்றால் இடுப்பளவு அலை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். ஏழாவது மாதம் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. இரண்டு நாளில் திரை செத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உப்புத் தண்ணி போயிருக்கு மேடம், வாரண்டி கிடையாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த 50 மீட்டர் என்பது ஆழக் கணக்கே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். சோதனைக்கூடத்தில் அசையாத தண்ணீரில், புது வாட்ச்சுக்குக் கொடுத்துப் பார்க்கும் அழுத்தம் அது. 5 ஏடிஎம், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு, என்று போடுவதும் அதையேதான். நாம் போர்டில் இருந்து விழுந்து கையால் தண்ணீரை அறையும்போது அந்த ஒரு நொடியில் அழுத்தம் எகிறுகிறது. அதோடு உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெயிலிலும் உப்பிலும் சன்ஸ்கிரீனிலும் நாளாக நாளாக இறுகிப்போகும். நீந்த மட்டும் என்றால் 5 ஏடிஎம் போதும். கைட்டில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்த் தண்ணீரில் மோதுகிறவள் நீ. உனக்கு 10 ஏடிஎம். அதற்குக் கீழே இறங்காதே.

நீ அனுப்பிய படங்களில் இரண்டு இதிலேயே கழிந்துவிட்டன, பார்த்துக்கொள்.

அடுத்தது ஜிபிஎஸ். கடைக்காரரும் விளம்பரமும் இரட்டை அலைவரிசை, எல்1, எல்5 என்று அடுக்குவார்கள். அண்ணா சாலையில் உயரக் கட்டடங்களுக்கு நடுவே ஓடுகிறவர்களுக்கு அது நிஜமாகவே உதவும், சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வந்து ஏமாற்றும் இடம் அது. நடுக்கடலில் ஏது சுவர்? அங்கே நமக்கு எதிரி தண்ணீர்தான். இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருந்து வரும் சிக்னல் மெலிந்து போய்த்தான் நம்மிடம் சேர்கிறது, உப்புத் தண்ணீர் ஒரு விரல்கடை மூடினாலே அது போய்விடும். அலைக்குத் துழாவும்போது ஒவ்வொரு வீச்சுக்கும் மணிக்கட்டு உள்ளே போய் வெளியே வருகிறது. அந்த இடைவெளியை எந்த வாட்ச் பக்குவமாகக் கடக்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் சர்ஃபிங், கைட்போர்டிங் என்று தனித்தனி மோட் உள்ள வாட்ச் வாங்கு. ஓட்டத்துக்கான மோடை வைத்துக் கடலில் இறங்கினால் நீ போன பாதை என்று அது போடும் கோடு கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்.

வேகக் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கைட் ஆட்கள் எல்லாரும் "என் டாப் ஸ்பீடு இவ்வளவு" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். நல்ல நாளிலேயே வாட்ச் காட்டும் இடம் மூன்று மீட்டர் அப்படி இப்படித் தள்ளி இருக்கும். ஒரு நொடிக்குள் அது மூன்று மீட்டர் துள்ளினால், நீ சும்மா மிதந்துகொண்டிருந்தாலும் 10.8 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கு வரும். நீ விழுந்து கை தண்ணீருக்குள் போய் வெளியே வருகிற அந்தத் தருணத்தில்தான் இந்தப் பொய் வேகம் அதிகமாக வரும். கிண்டி ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் நம்மைத் தாண்டும்போது ஹார்ன் சத்தம் சட்டென்று இறங்குமே, அதே மாதிரி சேட்டிலைட் சிக்னலின் அதிர்வெண்ணில் வரும் மாற்றத்தை வைத்து வேகம் கண்டுபிடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. டாப்ளர் வேகம் என்பார்கள். இடத்தை வைத்துப் போடும் கணக்கைவிட இது எவ்வளவோ சுத்தம். வேகத்துக்காகவே கடலில் இறங்குகிறவர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். அதுவும் ஒற்றை நொடி உச்சத்தை அவர்கள் சட்டை செய்வதில்லை. பத்து விநாடி சராசரியைத்தான் வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கோரோஸ் வாட்சுகளில் இதற்கென்றே ஸ்பீட்சர்ஃபிங் மோட் உண்டு. நீ எந்த வாட்ச் வாங்கினாலும் செட்டிங்கில் போய், பதிவை "ஒவ்வொரு விநாடியும்" என்று மாற்றிவிடு. "ஸ்மார்ட்" என்று விட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்க நடுநடுவே புள்ளிகளை விழுங்கிவிடும்.

இன்னொன்று. கைட்டைத் திருப்பும் அந்தக் கைப்பிடிக் கம்பியை, பாரை, பிடித்திருக்கும்போது உன் மணிக்கட்டைப் பார். வாட்ச் வானத்தைப் பார்க்காமல் முன்னாலேயோ பக்கவாட்டிலோ திரும்பியிருக்கும், பாதி வானத்தை உன் உடம்பே மறைக்கும். நீள வார் வாங்கி மேற்கையில், முழங்கைக்கு மேலே, வெளிப்பக்கம் பார்த்தபடி கட்டிப்பார். கோடு திருந்திவிடும். கைட்டில் போகும்போது திரையைப் பார்க்க முடியாதுதான். கைட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் வாட்ச்சைப் பார்க்காமல் இருப்பது உனக்கும் நல்லது.

டச் ஸ்கிரீன் மட்டும் வேண்டாம்டி. உப்புத் தண்ணீர் மின்சாரம் கடத்தும். துளி விழுந்தால் விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு திரை தானாகப் பக்கம் புரட்டும். பூட்டி வைக்கலாம், ஆனால் பூட்டினால் எதற்குத் திரை? பட்டன் வேண்டும். ஈரக் கையில், கிளவுஸோடு அழுத்தினாலும் அமுங்க வேண்டும். உச்சி வெயிலில் தெரிய வேண்டும். எம்ஐபி என்கிற பழைய பாணித் திரை வீட்டுக்குள் மங்கலாகத்தான் இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் பளிச்சென்று தெரியும். கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு பண்ணாதே. வெளியே ரோட்டுக்கு எடுத்து வந்து பார்.

நான் இப்போது கட்டுவது கார்மின் இன்ஸ்டிங்ட் 2எஸ். ஐந்து பட்டன், 10 ஏடிஎம், கறுப்பு வெள்ளைத் திரை. 40 மில்லிமீட்டர்தான். நம் இரண்டு பேர் மணிக்கட்டும் ஒரே அளவு, சின்ன வயசில் வளையல் மாற்றிப் போட்டுக்கொள்வோமே. பெரிய வாட்ச் நமக்கு வார் துளை கடைசிக்கு வந்தும் ஆடும், துழாவும்போது புறங்கை எலும்பில் இடித்து இடித்துப் புண்ணாகும். இந்த ஜனவரியில் இன்ஸ்டிங்ட் 3 வந்தது. அதில் 45, 50 என்ற இரண்டு அளவுதான், 40 கிடையாது. அதனால் உனக்கும் நான் 2எஸ்தான் சொல்வேன், கடையில் இன்னும் கிடைத்தால். உன் பட்டியலில் இருக்கும் ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா நல்ல பொருள்தான், நூறு மீட்டர் தாங்கும். ஆனால் 2022இல் வந்தபோதே 89,900 ரூபாய். 49 மில்லிமீட்டர். டச். பேட்டரி ஒன்றரை நாள். அந்தக் காசில் மிச்சத்துக்கு நீ உனக்கென்று ஒரு ஹார்னஸ், அதான் கைட்டோடு மாட்டும் இடுப்புப் பட்டை, வாங்கு, வாடகை ஹார்னஸ் இடுப்பில் ஏறி நிற்கிறது என்று நீதானே சொன்னாய்.

ஓதம், வத்தம் என்று கடல் ஏறி இறங்குவதைக் காட்டும் வசதிக்காகத் தனியாகப் பணம் கொடுக்காதே. குஜராத் பக்கம் காம்பே வளைகுடாவில் கடல்மட்டம் பத்து மீட்டர் ஏறி இறங்கும், அங்கே அது உயிர்நாடி. நம் சென்னைக் கரையில் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அலையின் உயரம், இடைவெளி எல்லாம் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் மீனவர்களுக்காகவே தினமும் சொல்கிறது, போனில் இலவசமாகப் பார்க்கலாம். இதயத் துடிப்பையும் நம்பாதே. பாரை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை இறுகி, வார் அடியில் தண்ணீரும் புகுந்து, அந்தப் பச்சை லைட்டுக்கு ஒன்றும் தெரியாது.

போன வருஷம் ஒரு பெரிய அலை கவிழ்த்ததில் வாரைப் பிடித்திருக்கும் பின் ஒடிந்து, இந்த வாட்ச்சும் போகத் தெரிந்தது. வார் மட்டும் கையில் தொங்க, வாட்ச் அந்த வாரின் ரப்பர் வளையத்தில் சிக்கி நின்றது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பத்து அண்ணன் பார்த்துவிட்டு, "குடும்மா" என்று வாங்கி, தங்கூசில், அதான் நைலான் மீன்பிடி நரம்பில், ஒரு சாண் வெட்டி, வாட்ச்சின் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டு, மறுமுனையை வாரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். "இனி அந்தப் பின்னு போனாலும் இது போவாது" என்றார். ஒரு வருஷம் ஆகிவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது. நீயும் வாங்கின அன்றைக்கே கட்டிக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு மக் நல்ல தண்ணீரில் வாட்ச்சை ஐந்து நிமிஷம் போட்டு, உள்ளேயே ஒவ்வொரு பட்டனையும் பத்துப் பதினைந்து தடவை அழுத்து. முதல் தடவை அழுத்தும்போது நறநற என்று இருக்கும், அது உப்பு. நறநறப்பு நிற்கும்வரை அழுத்து. சார்ஜ் குத்தும் இடத்தைத் துணியால் ஒற்றிக் காயவிட்டு அப்புறம் சார்ஜ் போடு. ஈரத்தோடு போட்டால் அந்த உலோகப் புள்ளிகள் அரித்துப்போகும்.

இதெல்லாம் இருக்கட்டும், இந்த வாட்ச் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்கிறேன். போன வருஷம் மே மாதம் கொட்டிவாக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்தேன். கரையில் ஒரு கட்டுமரத்துக்கு நேராக இறங்கினேன், அதற்கு நேராகவே இருந்ததாகத்தான் எனக்கு நினைப்பு. வெளியே வந்தால் செருப்பைக் காணோம். போனில் கோட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு அலையும் முந்தின அலையைவிட ஒரு எட்டு வடக்கே, ஒரு எட்டு வடக்கே என்று, படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மொத்தம் முந்நூற்று ஐம்பது மீட்டர். அதே அண்ணனிடம் காட்டினேன். அவர் போனை வெயிலுக்குச் சாய்த்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதாம்மா நீவாடு. இப்போ வடக்க இழுக்குது. ஐப்பசி பொறந்தா தெக்க திரும்பும்" என்றார். கரையை ஒட்டி ஓடும் நீரோட்டத்தைத்தான் அவர்கள் நீவாடு என்கிறார்கள். அவர் தினமும் வலை வீசுவதே அதைக் கணக்குப் பண்ணித்தான். ஐப்பசி முடிந்து கார்த்திகையில் ஒரு நாள் அலை அடங்கியிருந்தபோது இறங்கிப் பார்த்தேன். படிக்கட்டு தெற்குப் பக்கம் இறங்கியிருந்தது.

கலா, அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. 1876இல் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள், அதனால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே. வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்தால் இழுப்பு வடக்கே அதிகம் என்பதால்தான் அந்த மணல் அப்படிச் சேர்ந்தது. மெரினாவைச் செய்த அதே இழுப்பு என் செருப்பையும் எனக்குத் தொலைவாக்கியிருக்கிறது. அதற்கப்புறம் நான் வேகத்தைப் பார்ப்பதே இல்லை. கோட்டைத்தான் பார்க்கிறேன்.

நீயும் கோட்டை எடு. உங்கள் பக்கம் இப்போது தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று, மார்கழியில் வடக்கிலிருந்து வரும் வாடை. இரண்டுக்கும் தனித்தனியாக எடுத்து வை.

ஒன்றே ஒன்று கண்டிப்பாகச் சொல்லணும். இந்த வாட்ச் நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்குத்தான் சொல்லும், கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லாது. கரையில் இருந்து கடலுக்குள் தள்ளும் காற்று அடிக்கும்போது, இங்கே நாங்கள் கச்சான் என்போம், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இறங்காதே. தனியாகவும் இறங்காதே. கடலோரக் காவல்படை நம்பர் 1554 உன் வீட்டுக்காரர் போனில் இருக்கட்டும்.

ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் வருகிறது இல்லையா, ஆகஸ்ட் 15ஐ ஒட்டி லீவு சொல்லியிருக்கிறேன். அதற்குள் வாங்கிவிடாதே, பொறு. என் வாட்ச்சைக் கொண்டுவருகிறேன். இரண்டு நாள் நீயே மேற்கையில் கட்டி ஓட்டிப் பார், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம். தங்கூசு ஒரு சுருள் எடுத்து வருகிறேன். நீ எனக்குப் பனங்கருப்பட்டி வாங்கி வை, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்
சுமதி