வயதைக் கேட்டுக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

மழை விட்ட கையோடு எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கை, கால், வாயெல்லாம் கொப்புளம். 'கை-கால்-வாய் நோய்' என்கிறார்கள். என் ஒன்றரை வயதுப் பேரனும் தப்பவில்லை. ரசம் சாதத்துக்குத் தட்டை வழித்து நக்குகிறவன், ஒரு வாய் வைத்ததும் அலறிக்கொண்டு துப்பினான். டார்ச் அடித்துப் பார்த்தால் அண்ணத்தில் செக்கச்செவேலென்று ஏழெட்டுப் புண். எதிர்வீட்டு அக்கா, "கோமாரியா? அது மாட்டுக்குத்தானே வரும்?" என்றார். அது வேறு வைரஸ், இது வேறு.

மருந்துக் கடையில் "வாய்ப்புண்" என்றேன். யாருக்கு என்று கேட்காமலே ஒரு ஜெல்லை நீட்டினார்கள். நானும் சொல்லவில்லை, அது என் தப்பு. இரண்டு தடவை தடவியும் விட்டேன். மறுநாள் டாக்டர் அந்த ட்யூபை வாங்கி, பொடி எழுத்தில் இருந்த 'கோலின் சாலிசிலேட்' என்பதைக் காட்டினார். ஆஸ்பிரின் குடும்பத்து மருந்தாம். 16 வயதுக்குக் கீழே வாயில் தடவ வேண்டாமென்று பிரிட்டனில் 2009லேயே சொல்லிவிட்டார்களாம். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்னும் இரண்டு வயதுக்குள் ஆகாதாம்.

அவர் எழுதிக் கொடுத்தது எடைக்குத் தக்க பாராசிட்டமால் மட்டும். கொடுத்து அரைமணி கழித்து ஆகாரம். புளிப்பு, காரம், சூடு கூடாது. "புண் தானாக ஆறிவிடும். தண்ணி இறங்குதான்னு பாருங்க. எட்டு மணி நேரம் மூத்திரம் போகலைன்னா ராத்திரின்னும் பார்க்காம தூக்கிட்டு வாங்க" என்றார்.

மணத்தக்காளிச் சாறு வைத்துப் பார்த்தேன். என் புடவையில்தான் துப்பினான். அப்புறம் பரணில் கிடந்த வெள்ளிப் பாலாடையைத் தேடி எடுத்து, ஃப்ரிட்ஜில் வைத்த பாலையும் இளநீரையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடைவாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டேன். சில்லென்று இறங்கியதில் அழுகை நின்றது. ஐந்தாம் நாள் தயிர்சாதம் கேட்டான்.

ஒரு மாதம் கழித்துக் கட்டைவிரல் நகம் கழன்று வந்தது. பதறி ஓடினோம். சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும், புது நகம் முளைக்கும் என்று டாக்டர் சிரித்தார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்!

மருந்துக் கடைக்காரர்களே, வாய்ப்புண் ஜெல் கேட்டு யார் வந்தாலும் "எத்தனை வயசுக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, மன்னார்குடி