கரையேறிய பிறகு

அன்பின் மச்சான்,

நாவலின் கைப்பிரதி கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். எனக்குச் சீனி வருத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

கடல் அத்தியாயத்தில் நீ என்னைக் கலங்கவைத்துவிட்டாய். 1986 ஓகஸ்ட் 11, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள், 155 ஈழத்தமிழர். மீன்பிடிக்கப் போன கஸ் டால்ரன் அவர்களைக் காணும் இடத்தை மறுபடி மறுபடி வாசித்தேன்.

ஆனால் ஒன்று. இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொன்ன பொய்யை ஏன் எழுதாமல் விட்டாய்? கப்பல் ஏறியது மேற்கு ஜேர்மனியில் என்பது சில நாட்களிலேயே வெளிவந்துவிட்டது. பாதுகாப்பான நாட்டிலிருந்துதானே வந்தீர்கள் என்று இங்கே கனடாவில் பலர் கொதித்ததும் அதற்காகத்தான். அந்தக் கேள்விக்கு நாவல் பதில் சொல்லவேண்டும். அந்த நேரம் ஜேர்மனியில் அகதி வழக்குப் போட்டவனுக்கு வேலை செய்ய அனுமதியில்லை. பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் காணியை ஈடு வைத்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் காசு கட்டிய தாய்க்கு ஒரு சதமும் அனுப்ப வழியில்லாமல், முகாமில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பெடியனை எழுது. அவன் ஏன் அந்தக் கப்பலில் ஏறினான் என்று வாசகன் கேட்கவே மாட்டான். பொய்யை மறைத்தால் அவனுடைய நெருக்கடியும் சேர்ந்து மறைந்துபோகும்.

இன்னொன்று, கரையேறியதோடு கதையை முடிக்காதே. ஒரு வருட அனுமதிப் பத்திரம் கையில் கிடைத்த நாளில்தான் அவர்களுடைய மற்ற வாழ்க்கை தொடங்குகிறது. மொன்றியலிலும் ரொறன்ரோவிலும் நாங்கள் எல்லோரும் கோப்பை கழுவித்தானே நிமிர்ந்தோம்? இரவு வேலை முடிந்து வருபவன் படுக்க, பகல் வேலைக்காரன் எழும்பிப் போகும் அந்த ஒற்றை மெத்தையை எழுது. மாதாமாதம் எல்லோரும் காசு போட்டு, ஏலத்தில் ஒருவர் எடுக்கும் சீட்டை எழுது. முதல் மாதமே அதிகக் கழிவுக்குக் கேட்டுச் சீட்டை எடுப்பவன் ஏஜென்சிக் கடனில் மூழ்கியவன். கடைசிவரை பொறுத்திருப்பவனுக்கு வீட்டுக்கு முற்பணம் கட்டும் கனவு. ஒரே மேசையில் இவர்கள் இருவரையும் இருத்தினாலே ஒரு அத்தியாயம் வந்துவிடும்.

காத்திருப்பையும் விடாதே. அகதி கேட்பவனை நேரில் அழைத்து விசாரிக்காமல் மறுக்கக்கூடாது என்று 1985 இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எங்களுக்குப் பெரிய வரம். ஆனால் வழக்குகள் மலையாய்க் குவிந்தன. 1989 இல் புதிய அகதிச் சபை வந்த பிறகும் பழைய கோப்புகள் இழுபட்டன. இங்கே ஒருவன் ‘ஹியரிங்’ திகதிக்குக் காத்திருக்க, அங்கே யாழ்ப்பாணத்தில் அவன் மனைவி அரசின் பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைகிறாள். ஸ்பொன்சர் சரிவந்து அவள் வந்திறங்கும்போது, விட்டுவந்த குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில், தகப்பனைத் தெரியாமல் நிற்கிறது. உன் கதாநாயகி வேணிக்கு இது நடக்கவேண்டும் என்றே எனக்குப் படுகிறது. நாவலில் அவள்தான் உயிருள்ள பாத்திரம். அவளுக்கு நீ இருபது பக்கம்கூடக் கொடுக்கவில்லை.

சீட்டுக் கணக்கெழுதிய பழைய கொப்பி என்னிடம் கிடக்கிறது. பெயர்களை மறைத்துப் பிரதி எடுத்து அனுப்புகிறேன். தொழிற்சாலை, பேஸ்மென்ட் வாடகை, எதைக் கேட்டாலும் எழுதுகிறேன். தை மாதத்துக்குள் இரண்டாம் பாகத்தைத் தொடங்கிவிடு. முழங்காலை டொக்டரிடம் காட்டு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்