எங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்ற ஜாம், கேக் செய்முறைகள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் வெளிவரும் பழ ஜாம், கேக் செய்முறைகளைக் காரைக்குடிப் பக்கத்துப் பெண்கள் பலர் கத்தரித்து வைத்திருந்து செய்து பார்க்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை 'ஒரு கப் விழுது, ஒரு கப் சர்க்கரை, 20 நிமிடம் கிளறவும்' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. பழத்தின் புளிப்பையும் இங்குள்ள வெயிலையும் கணக்கில் கொள்ளாத செய்முறையால் பழமும் சர்க்கரையும் வீணாகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பகுதிகளில் விளையும் பலா, பருவத்தில் எங்கள் ஊர்க் கடைகளிலும் மலிந்து கிடக்கிறது. அதில் ஜாம் செய்யச் சொன்ன செய்முறை ஒன்றில் எலுமிச்சம்பழமும் இல்லை, சிட்ரிக் அமிலமும் இல்லை. பழத்திலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள், சர்க்கரை, புளிப்பு ஆகிய மூன்றும் உரிய அளவில் சேர்ந்தால்தான் ஜாம் இறுகும். பலாச்சுளையில் இனிப்பு மிகுதி, புளிப்போ மிகக் குறைவு. ஒரு கிலோ விழுதுக்கு 7 அல்லது 8 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்க்காவிட்டால் எவ்வளவு நேரம் கிளறினாலும் அது பலாப்பழப் பாகாகத்தான் இருக்கும். சுளையைச் சுற்றியிருக்கும் சடையை நாம் மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். பெக்டின் அதில்தான் நிறைய இருக்கிறது. சடையைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, துணியில் வடிகட்டி, வழவழப்பான அந்தச் சாற்றை விழுதோடு சேர்த்தால் ஜாம் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மாம்பழத்துக்கு இவ்வளவு சிரமம் இல்லை. நன்கு பழுத்த பழங்களோடு ஒன்றிரண்டு செங்காய்களையும் நறுக்கிப் போட்டால் புளிப்பும் பெக்டினும் சேர்ந்தே கிடைத்துவிடும்.

நிமிடக் கணக்கும் பயன்படாது. அடுப்பின் தீ, பாத்திரத்தின் அகலம், பழத்தின் நீர்ப்பதம் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். எடையை வைத்துப் பார்ப்பதே நம்பகமான வழி: வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து எழுதி வைத்துக்கொண்டு, சேர்த்த சர்க்கரையின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு உள்ளிருப்பது வற்றியதும் இறக்கிவிட வேண்டும். 750 கிராம் சர்க்கரை போட்டிருந்தால், பாத்திர எடை நீங்கலாக 1,125 கிராம் இருக்க வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 105 டிகிரி செல்சியஸ் என்பது இன்னும் எளிய அடையாளம். அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தே பழகிய எங்கள் வீட்டு ஆச்சிமார்கள், ஜாமையும் அந்தப் பதத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஆறியபின் அதைக் கத்தியால்தான் வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல், விளிம்பில் இரண்டு மூன்று சொட்டுகள் ஒன்றுகூடித் தகடுபோல நழுவி விழும் நேரமே ஜாமுக்குரிய பதம். சூட்டில் தளர்வாகத் தெரிந்தாலும் ஆறும்போது அது கெட்டிப்படும் என்பதை எந்தச் செய்முறையும் சொல்வதில்லை.

உடல்நலம் கருதிச் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம் என்ற குறிப்பும் அடிக்கடி வருகிறது. கடையில் விற்கும் ஜாமில் கரையும் திடப்பொருள் (பெரும்பாலும் சர்க்கரை) 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்திருப்பதை நினைவிற்கொண்டால், சர்க்கரை சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதன்று, பூஞ்சை பிடிக்காமல் காப்பதும் அதுவே என்பது புரியும். குறைத்துச் செய்வதில் தவறில்லை. ஆனால் கொஞ்சமாகச் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவில் தீர்த்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டாமா? ஊறுகாய் இருந்த ஜாடியில் ஜாமை ஊற்றக் கூடாது என்பதையும் எழுதலாம். எத்தனை முறை கழுவினாலும் அந்த வாடை போகாது.

கேக் செய்முறைகளில் இடறுவது வேறோர் இடம். 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெயைச் சர்க்கரையுடன் நுரைக்க அடிக்கவும்' என்கிறார்கள். குளிர்நாட்டு அறையின் 20 டிகிரியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வாக்கியம் அது. மே மாதத்து நடுப்பகலில், தடித்த சுவர்கள் கொண்ட செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில்கூட வெண்ணெய் உருகி ஓடுகிறது. உருகிய வெண்ணெயில் காற்று தங்காது, கேக் அடை போல அமுங்கிவிடும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய் விரல் பதியும் அளவுக்கு இளகியதும் விடியற்காலையிலேயே அடித்து முடிப்பதும், அது முடியாதவர்கள் எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்கைத் தேர்ந்தெடுப்பதும் எங்களுக்கு ஏற்றவை. மாம்பழ விழுது சேர்க்கும்போது பாலைக் குறைக்காமல் விட்டால் நடுப்பகுதி வேகாமல் களியாக நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே, இனி வெளியிடும் செய்முறைகளில் கப் கணக்குக்குப் பதிலாகக் கிராம் அளவும், நிமிடத்தோடு பதத்தின் அடையாளமும், பழத்துக்குப் பழம் மாறும் புளிப்பின் அளவும் இடம்பெறச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்கு அனுப்புமுன் குளிரூட்டி இல்லாத ஒரு சமையலறையில் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் உள்ள மனையியல் வல்லுநர்களிடம் கேட்டுச் சரிபார்த்தும் வெளியிடலாம். நீலம் மாம்பழ வரத்து ஆடி வரை இருக்கும் என்பதால், திருத்திய செய்முறை ஒன்றையாவது அதற்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
காரைக்குடி.