செம்பு மருந்து கல்லாவுக்குப் பின்னால் போனது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடல்மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் செம்பு மருந்துப் போத்தலைக் காணோமே என்று இரண்டு வாரமாகப் பலர் கேட்கிறீர்கள். இருக்கிறது, கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். கோமாளி மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு பதறிய ஒருவர், இரவோடு இரவாக அந்த மருந்தைப் பவளத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டார். விடிந்தபோது இறால்கள் மல்லாந்து கிடந்தன. நத்தைகள் கண்ணாடியை விட்டுக் கழன்று மணலில் விழுந்திருந்தன. விற்றது நாங்கள்தான். எந்தத் தொட்டிக்கு என்று கேட்காமல் விட்டதும் நாங்கள்தான்.

மீன் தாங்குகிற அளவுச் செம்பை இறாலும் நத்தையும் பவளமும் தாங்கா. போதாததற்குப் பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துப் பிறகு மெல்லக் கசியவிடும். ஆகவே நோய்ப்பட்ட மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து போட வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் இடமேது என்பீர்கள். துணி துவைக்கும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பஞ்சு வடிகட்டி, காற்றுக்கல் போதும். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரில் பிராணவாயு குறைவு என்பதால் காற்றுக்கல்லை நிறுத்தவே கூடாது. வடிகட்டியில் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்தை அது விழுங்கிவிடும். செம்பு மருந்துகள் எல்லாம் ஒரே வகையல்ல. ஒரு போத்தலின் அளவை இன்னொன்றுக்குப் பின்பற்றாமல், தண்ணீரில் உள்ள செம்பைச் சோதனைப் பெட்டியால் அளந்து பாருங்கள்.

நாலைந்து நாளில் புள்ளிகள் உதிர்ந்ததும் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நோய் போய்விடவில்லை. நோயைத் தரும் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, ஓடு கட்டிக்கொண்டு பெருகுகிறது. மீனின் தோலுக்குள் இருக்கும்போதும் ஓட்டுக்குள் இருக்கும்போதும் செம்பு அதைத் தொடாது. வெளியேறி நீந்தும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். அதனால்தான் 30 நாள் சிகிச்சை. பவளத் தொட்டியில் மிஞ்சிய ஒட்டுண்ணிகள் மீன் கிடைக்காமல் சாகும்படி, அதை 76 நாள் மீனின்றி விடுவது இத்தொழிலில் வழக்கம். நீண்ட காலம்தான், தெரியும்.

பவளத் தொட்டியில் பெருகும் தட்டைப்புழுக்களுக்கு மருந்து வாங்குவோருக்கும் ஒரு சொல். அந்தப் புழுக்கள் சாகும்போது நஞ்சைக் கக்கும். முதலில் குழாய் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுங்கள். கார்பனையும் மாற்றுத் தண்ணீரையும் தயாராக வைத்துக்கொண்டு பிறகு மருந்து விடுங்கள். புதுப் பவளத்தை வாளியில் மருந்து நீரில் முக்கினால், பழைய பல்துலக்கியால் புழு முட்டைகளைச் சுரண்டிவிடுங்கள். முட்டைகளை மருந்து கொல்லாது. அந்த வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

இனி செம்பு கேட்டு வரும்போது மீனின் படமும் தொட்டியின் லிட்டர் கணக்கும் கொண்டுவாருங்கள். ஒரு சிறு போத்தலில் தண்ணீரும் எடுத்துவந்தால் இலவசமாகச் சோதித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடையினர்