மூன்றாவது பேக்கிங் வாங்குவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. இரண்டு தடவை வாட்டர் பம்ப் பேக்கிங்கை, பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே கசியாமல் இருக்க வைக்கும் அந்தக் காகிதத்தை, மாற்றியும் காலையில் வண்டிக்கு அடியில் தண்ணீர் நின்றால் யாருக்கும் சலித்துத்தான் போகும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது பேக்கிங் இப்போது வேண்டாம். தண்ணீர் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று முதலில் பார். இன்ஜின் ஓடும்போது அது தெரியாது, ஃபேன் காற்று நாலு பக்கமும் வாரியடித்துவிடும். நன்றாக ஆறின பிறகு பம்பைச் சுற்றித் துடைத்துவிட்டு, ரேடியேட்டர் வாயில் பிரஷர் டெஸ்டரை, அதாவது அளவு காட்டும் கைப் பம்பை, மாட்டு. மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் காற்றை ஏற்று. பழைய வண்டிகளில் 7 பிஎஸ்ஐ மூடியும் உண்டு, 15 பிஎஸ்ஐ மூடியும் உண்டு. அதைத் தாண்டினால் பழைய ரேடியேட்டர் தாங்காது. அப்புறம் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு பொறுமையாகத் தேடு.

பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் சொட்டினால் பேக்கிங்கில் குற்றமில்லை, உள்ளே சீல் போய்விட்டது. ஃபேனைப் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பேரிங்கும் போயிற்று, பம்பையே மாற்ற வேண்டியதுதான். அந்தத் துளையை மட்டும் அடைத்துவிடாதே. சீலைத் தாண்டி வரும் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியேறத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எனக்குச் சந்தேகம் போல்ட் மேல்தான். ஒரு போல்ட் தலையைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருக்கிறது என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து வேறொன்றும் தோன்றவில்லை. பல பழைய இன்ஜின்களில் பம்ப் போல்ட்டுகளில் ஒன்றிரண்டு, இன்ஜின் பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் அறை வரைக்கும் போகும். தண்ணீர் மரை வழியே மெல்ல ஏறி, வாஷருக்கு அடியில் கசிந்து, பேக்கிங்கிலிருந்து வருவதுபோலவே வழியும். போல்ட்டைக் கழற்றியதும் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் பார். முட்டாமல் போய்க்கொண்டே இருந்தால் அதுதான் ஆள். மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மரைக்கான சீலன்ட் தடவிப் பூட்டு. போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. அட்டையில் பம்பின் படம் வரைந்து, எது எந்தத் துளையோ அங்கேயே குத்தி வை.

அடுத்தது முகம், அதாவது பேக்கிங் உட்காரும் தட்டையான பரப்பு. ஒருமுறை பழைய பேக்கிங்கை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி அலுமினியத்தில் ஒரு கோடு போட்டுவிட்டேன். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தக் கோடு வழியாக மாதக்கணக்கில் சொட்டியது. நீ பிளாஸ்டிக் சுரண்டியே பயன்படுத்து, நேரம் ஆனால் ஆகட்டும். பிறகு நேரான ஸ்கேலை முகத்தின் மேல் நிறுத்தி, பின்னால் டார்ச் அடி. வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. காகிதப் பேக்கிங்குக்கு இரண்டு பக்கமும் பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசினால் போதும். அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து, ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும்.

போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கு. எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். கால் அங்குல போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் வரும், கைக்கு அது குறைவாகத்தான் தோன்றும். நிற்கவில்லையே என்று இன்னும் முறுக்கினால் காகிதம் நசுங்கி இன்னும் கசியும், இல்லையென்றால் போல்ட் ஒடியும்.

ரேடியேட்டரிலிருந்து வடித்த கூலன்ட் கலந்த தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதே. இனிப்பாக இருப்பதால் உன் நாய்க்குட்டி நக்கிவிடும், அது விஷம்.

திரும்ப நிரப்பும்போது ஹீட்டரைத் திறந்து வைத்து, இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறின பிறகு குறைந்ததை ஊற்று. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வை. பேக்கிங் கசிவு ஆறும்போதுதான் அதிகம் தெரியும். காலையில் அட்டை காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் எனக்குப் போட்டோ அனுப்பு.

அன்புடன்,
அப்பா