இலவச ஒளிபரப்புக்குப் பூட்டு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' என்ற இலவசச் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையை, எந்தப் பெட்டியில் எது தெரிய வேண்டும் என்று மையத்திலிருந்தே கட்டுப்படுத்தக்கூடிய முறைக்கு மாற்ற வேண்டும் என்றும், முதற்கட்டமாக அதில் வரும் தனியார் சேனல்களைக் குறியாக்கம் செய்து, அதாவது அங்கீகாரம் பெற்ற பெட்டியில் மட்டுமே திறக்கும்படி பூட்டி, அனுப்ப வேண்டும் என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-ஆம் ஆண்டில் மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது. இதில் கேபிள் நடத்துநர்களுக்கு ஒரு கருத்து உண்டு, கட்டண டிடிஎச் நிறுவனங்களுக்கு ஒரு கருத்து உண்டு. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் வீட்டுக் கணினியிலேயே இந்த ஒளிபரப்பைப் பார்த்தும் பதிவு செய்தும் வருகிற எங்களைப் போன்ற ஒரு சிறு கூட்டம் இருப்பது யாருடைய கணக்கிலும் வருவதாகத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்ற முறையில், நாளை இந்தக் குறியாக்கம் கல்விச் சேனல்கள் வரை நீண்டுவிடக் கூடாது என்று வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கிய சேவைதான் இன்றைய ஃப்ரீ டிஷ். மாதச் சந்தா கிடையாது. தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டி இடம் பிடிக்கின்றன; அந்தப் பணத்தில், தூர்தர்ஷனின் தாய் நிறுவனமான பிரசார் பாரதி சேவையை நடத்துகிறது. இந்தச் சேவையைச் சுமந்து வரும், 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 பாகையில் நிலைகொண்டிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கு வானில் நல்ல உயரத்தில் இருப்பதால், மொட்டை மாடியில் மறைப்பில்லாத ஒரு மூலை கிடைத்தால் சிறிய டிஷ்ஷே போதுமானது.

கணினியில் இது எப்படி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். இணையம் வழியாக வருகிறது என்றே அநேகர் நினைக்கிறார்கள். இணையத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, வானத்திலிருந்து ஏறக்குறைய 11 கிகாஹெர்ட்ஸில் வரும் சிக்னலை 950-க்கும் 2150-க்கும் இடைப்பட்ட மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது. அந்தக் கேபிளைச் செட்டாப் பாக்ஸுக்குப் பதிலாகக் கணினியின் டியூனர் கார்டில் (சிக்னலைப் பிடித்துத் தரும் அட்டையில்) மாட்டினால் போதும். 11090 மெகாஹெர்ட்ஸ், செங்குத்து அலை, சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) 29500 என்பது போன்ற விவரங்களை மென்பொருளில் கொடுத்தவுடன், 188 பைட் கொண்ட பொட்டலங்களாகத் தரவு வந்து இறங்கும். அவற்றைப் பிரித்துப் படமாகவும் ஒலியாகவும் மாற்றுவது கணினியின் வேலை. எல்என்பிக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. 13 வோல்ட் போனால் செங்குத்து அலையையும் 18 வோல்ட் போனால் கிடை அலையையும் அது எடுத்துக்கொடுக்கும். யுஎஸ்பி துளையில் கிடைப்பதோ 5 வோல்ட்தான் என்பதால் யுஎஸ்பி டியூனர்களோடு தனி அடாப்டர் ஒன்று வரும். அதைச் செருக மறந்துவிட்டு, சிக்னல் இல்லை என்று மாடியேறி டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி ஓய்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸ் கணினி என்றால் பெரும்பாலான டியூனர்களை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் அதன் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கின்றன. டிவிஹெட்எண்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவினால், குறித்த நேரத்தில் குறித்த சேனலைத் தானாகப் பதிவு செய்யலாம். அதே வீட்டிலோ பள்ளியிலோ உள்ள மற்றக் கணினிகளுக்கு உள்வலை வழியாக அனுப்பவும் செய்யலாம். செட்டாப் பாக்ஸ் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் காட்டும். கணினியிலோ ஒரே டியூனர், ஒரே அலைவரிசையில் சேர்ந்து வரும் அத்தனை சேனல்களையும் ஒன்றாகப் பிடித்து வைத்துவிடும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி வரை வரலாம். இன்றைய ஹார்டு டிஸ்க்குகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இந்த வசதியின் அருமை கல்விச் சேனல்களில்தான் தெரியும். 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட 'ஸ்வயம் பிரபா' 32 சேனல்களை இதே ஜிசாட்-15 வழியாக அனுப்பியது. நாளொன்றுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் புதிய பாடம், அது அன்றே மேலும் ஐந்து முறை மறு ஒளிபரப்பு என்பது அதன் திட்டம். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கின்போது, வகுப்புக்கு ஒரு சேனல் என்று 'பிஎம் இ-வித்யா' அறிவிக்கப்பட்டது. 12 சேனல்களை 200 ஆக உயர்த்தி மாநில மொழிகளிலும் பாடம் தரப்போவதாக 2022 நிதிநிலை அறிக்கை சொன்னது. இவை நல்ல முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிள்ளைக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்க முடியாத பாடத்தை ஆறு முறை ஒளிபரப்பினாலும் பயன் பாதிதான். பதிவு செய்து வைத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் மொபைல் திட்டத்தை நம்பியிருக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பாடம் பார்க்க உட்கார்ந்தால், மாலைக்குள் அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும். மலைக் கிராமங்களில் சிக்னலே சரியாகக் கிடைப்பதில்லை. செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கு ஒருவர் பார்த்தாலும் ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றுதான். அடைமழையில் சற்று நேரம் படம் கட்டம் கட்டமாக உடையும்; மார்ச் மாதத்திலும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வரும் சில நிமிடங்கள் தடைபடும். அவ்வளவுதான்.

இனிக் குறியாக்கத்துக்கு வருகிறேன். எம்பெக்-4 என்ற புதிய ஒளிபரப்பு வடிவத்துக்கான பெட்டிகளுக்காக 'ஐகேஸ்' என்ற உள்நாட்டுக் குறியாக்க முறையைப் பிரசார் பாரதி ஏற்கெனவே அறிமுகப்படுத்தியிருக்கிறது. கட்டணம் இல்லை, ஆனால் அங்கீகாரம் பெற்ற பெட்டி வேண்டும் என்பதே அதன் பொருள். குறியாக்கத்துக்குக் காரணமே இல்லை என்று நான் வாதிடவில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தூர்தர்ஷனோடு பகிரப்படும் கிரிக்கெட் ஒளிபரப்பு அதன் தரைவழிச் சேவையிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே வர வேண்டும், கேபிளுக்குப் போகக் கூடாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூட்டில்லாத ஒளிபரப்பைக் கேபிளில் எடுத்துவிடுவதைத் தடுப்பது கடினம். செயற்கைக்கோளின் வீச்சு நாட்டின் எல்லைக்கோட்டில் நின்றுவிடுவதும் இல்லை. உரிமம் வாங்கிய விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் பூட்டுப் போட்டால் அதில் நியாயம் இருக்கலாம். அரசுப் பணத்தில் தயாரித்த பாடத்துக்கும் செய்திக்கும் நாடாளுமன்ற ஒளிபரப்புக்கும் அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் இதே உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவோ, ஒளிபரப்பைச் சொந்தப் பயனுக்காகவோ உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமாகவோ பதிவு செய்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவது ஆகாது என்று தெளிவாகவே கூறுகிறது. சட்டம் கொடுத்த இந்த உரிமையை, பெட்டிக்குள் வைத்த ஒரு சில்லு சத்தமில்லாமல் பறித்துக்கொள்ளும் என்பதுதான் என் அச்சம். குறியாக்கம் வந்துவிட்டால் டியூனர் கார்டில் சிக்னல் கிடைக்கும், சேனல் பெயர்கூடத் தெரியும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும்.

இப்போதே டியூனர் வாங்குவது எளிதாக இல்லை. மாவட்டத் தலைநகரில்கூடக் கணினிக் கடைகளில் கேட்டால், பழைய கேபிள் டிவி கார்டை எடுத்து நீட்டுகிறார்கள். இணையத்தில் வெளிநாட்டுச் சரக்கைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே செயற்கைக்கோள் டியூனரை வைப்பதற்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 18112:2022 என்ற தர அளவை வெளியிட்டிருக்கிறது. அதே போலக் கணினியில் பொருத்தும் டியூனருக்கும் ஒரு தர அளவு வந்தால், உள்நாட்டிலேயே மலிவாகச் செய்ய முன்வருவோர் இருப்பார்கள். 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கிய மாநிலம் நம்முடையது. பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் இருக்கின்றன. பள்ளிக்கு ஒரு டிஷ், ஒரு டியூனர், பதிவுக்கு ஒரு பழைய கணினி என்று வைத்தால் லேபில் உள்ள எல்லாத் திரைகளுக்கும் அது போதும். பள்ளிக்கல்வித் துறை ஒரு கல்வி மாவட்டத்தில் இதை முயன்று பார்க்கலாம்.

பிரசார் பாரதி செய்ய வேண்டியது இதைவிடவும் சுலபம். தூர்தர்ஷன், ஸ்வயம் பிரபா, இ-வித்யா சேனல்கள் எக்காலத்திலும் குறியாக்கம் செய்யப்படமாட்டா என்று எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். அலைவரிசை, சிம்பல் ரேட் விவரங்கள் மாறும்போது அவற்றைத் தமிழிலும் உடனுக்குடன் வெளியிட வேண்டும். டிராய் பரிந்துரையின் மீது தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் முடிவெடுக்கும்போது, கல்விச் சேனல்களுக்கான இந்த விலக்கை உத்தரவிலேயே சேர்க்க வேண்டும் என்று தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி மாவட்டம்.