எல்லைக் கடைக்கு எந்த எண்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் எனக்கு, போடியிலும் புற்றடியிலும் ஏலம் நடக்கும் நாள்களில் கைப்பேசிதான் தராசு. கம்பத்தில் வாங்கிய தமிழக எண்ணையே கடைப் பலகையிலும் எழுதியிருந்தேன். கல்லாவருகே கேரளக் கைப்பேசிக் கோபுரம், காய் சலிக்கும் பின்கட்டில் தமிழகக் கோபுரம் என்று இணைப்பு மாறும்போதெல்லாம், விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துவிடும்.

கேரளச் சேவைக்கு மாற எண்ணையே மாற்ற வேண்டும் என்று ஒரு முகவர் சாதித்தார். பலகை எழுதுபவருக்குத்தான் அதில் ஆதாயம். 2015 ஜூலை 3 முதல் மாநிலம் மாறினாலும் பழைய எண்ணுடனே நிறுவனம் மாறலாம் என்பதும், 1900 என்ற எண்ணுக்கு ‘போர்ட்’ குறுஞ்செய்தி அனுப்பி மாறுவதற்கான குறியீடு பெறலாம் என்பதும், எண் வாங்கி 90 நாள் கடந்திருக்க வேண்டும், பில் பாக்கி இருக்கக்கூடாது என்பதும் பிறகே தெரிந்தது.

மாறுவதற்கு முன் பக்கத்துக் கடைக்காரரின் சிம்மை இரவல் வாங்கி, சந்தை நெரிசலில், பின்கட்டில் நின்றே பேசிப் பார்த்தேன். அந்த சிம்மின் மலிவான திட்டம் அங்கே ஊமையாகிவிட்டது. சிறு வியாபாரிகளுக்கு விற்கும் முகவர்கள் இந்த விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் கடையில் எழுதி ஒட்ட வேண்டும் என நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஏலக்காய் வியாபாரி, குமுளி